மறந்த படம் மட்டமான படமா?

கேள்வி: யாரும் பேசாத பழைய படம் என்றால் அது சுமாரான படம்தானே? (காரைக்கால் வாசகர்)

பதில்: உங்கள் ஊர்ப் பெயர் தாங்கிய படமே இதற்கு மறுப்பு. ஏ.பி. நாகராஜன் 1973-இல் இயக்கிய 'காரைக்கால் அம்மையார்', அவருடைய 'திருவிளையாடல்' (1965) அளவுக்குப் பேசப்படுவதில்லை. ஆனால், இளமைப் புனிதவதியாக லட்சுமி, பேயுரு வேண்டிப் பெற்ற அம்மையாராக கே.பி. சுந்தராம்பாள் என்று பாத்திரத்தைப் பிரித்தது அருமையான முடிவு. அழகைத் துறப்பதை ஒப்பனையோடு நிறுத்தாமல், குரலையே மாற்றிக் காட்டிவிட்டார் நாகராஜன். நாடக பாணி, பாட்டு அதிகம் என்பீர்கள். மேடையிலிருந்து வந்த இயக்குநர், நாடக பாணி இருக்கத்தான் செய்யும். பாட்டு அப்படியல்ல, அம்மையாரே பாடிப் புகழ்பெற்றவர். அவர் கதையில் பாட்டைக் கழித்தால் மாம்பழம்தான் மிஞ்சும். அடுத்த மாங்கனித் திருவிழாவுக்குள் படத்தைப் பார்த்துவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.