வாட்டர்லூவில் உச்சி வெயில்: சிற்றுருச் சிப்பாய்களின் ஒளியும் நிழலும் பற்றிய ஓர் ஆய்வு

ஆய்வின் தேவை

நெப்போலியனின் போர்களைப் பற்றி அலமாரி அலமாரியாக நூல்கள் உள்ளன. பீரங்கி, குதிரை, சேறு, தளபதிகளின் வயிற்றுவலி என எதையும் அறிஞர்கள் விட்டுவைக்கவில்லை. ஆனால் 28 மில்லிமீட்டர் உயரமுள்ள உலோகச் சிப்பாயின் மூக்கு நுனியில் வெயில் எத்திசையிலிருந்து விழ வேண்டும் என்ற வினா இன்னும் தீர்ப்புக்காகக் காத்திருக்கிறது. அக்குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை.

ஆய்வு எல்லை

1815 ஜூன் 18, வாட்டர்லூ, காலாட்படை மட்டும். குதிரைக்கு வயிறு உண்டு, வயிற்றுக்கு அடியில் நிழல் உண்டு. அது தனியொரு முனைவர் பட்டத்துக்குரிய பொருள் என்பதால் இங்கே தவிர்க்கப்படுகிறது.

முன்னோர் நிலை

லண்டனின் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் 1893-இல் உள்ளே பொள்ளலான ஈயச் சிப்பாய்களை வார்க்கத் தொடங்கியது. உயரம் 54 மி.மீ.; மேலே பளபளக்கும் எனாமல். சட்டை சிவப்பென்றால் முழுக்கச் சிவப்பு. நிழல் என்ற கவலையே அந்தப் படைக்கு இல்லை. அதற்கும் முந்தைய நியூரம்பர்க் வெள்ளீய உருவங்களோ தகடு போலத் தட்டையானவை. வயிறும் முதுகும் ஏறக்குறைய ஒட்டியிருந்ததால் உடம்பின் திரட்சியைத் தூரிகைதான் உண்டாக்க வேண்டியிருந்தது. நிழல் தீட்டும் கலைக்கு இவர்களே மூதாதையர் எனக் கொள்ளலாம்.

ஆய்வுச் சிக்கல்

விளக்கடியில் நிற்கும் பொருளுக்கு வெளிச்சத்தை எதற்காக வண்ணத்தால் தீட்ட வேண்டும்? விடை கணக்கில் இருக்கிறது. உண்மையான சட்டையில் 5 செ.மீ. ஆழமுள்ள மடிப்பு, அறுபதில் ஒரு பங்காகச் சுருங்கினால் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. அறை வெளிச்சம் அதற்குள் எளிதாகப் புகுந்துவிடும். மேலும், சிற்றுருவை 30 செ.மீ. தள்ளிப் பிடித்துப் பார்ப்பது நிஜ மனிதனை 18 மீட்டரிலிருந்து பார்ப்பதற்குச் சமம். விளையாட்டு மேசையில் ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் அவன் 60 மீட்டருக்குப் போய்விடுகிறான். அங்கே அவன் வெறும் சிவப்புப் புள்ளி. எனவே சிற்றுருவுக்கு வண்ணம் தீட்டுவோர் மடிப்பின் பள்ளத்தைக் கருக்கி, மேட்டை வெளுக்கிறார்கள். இல்லாததைச் சேர்ப்பதல்ல இது. அளவு சுருங்கியபோது தொலைந்ததை மீட்பது.

மூன்று பள்ளிகள்

முதலாவது கறுப்புப் பள்ளி. கறுப்பு அடிப்பூச்சு (பிரைமர்) அடித்து, பள்ளங்களை அப்படியே விட்டு, மேடுகளில் நிழல், நடு, ஒளி என மூன்று படிகளாக நிறம் ஏற்றுவது இவர்கள் முறை. ஃபவுண்ட்ரி நிறுவனம் ஒவ்வொரு நிறத்தையும் மூன்று சாயல்களாகவே விற்று இக்கொள்கைக்குத் துணைநிற்கிறது.

இரண்டாவது வாஷ் பள்ளி. நீர்த்த கருவண்ணத்தை மேலே பூசினால் அது தானே பள்ளம் தேடி இறங்கும். காய்ந்த பின், துடைத்த தூரிகையால் மேடுகளை வருடிவிட்டால் வேலை முடிந்தது. இவர்களைச் சோம்பேறிகள் என்பது முதற்பள்ளியின் கருத்து. "உங்கள் பட்டாளத்தில் இதுவரை எத்தனை பேர்?" என்பது இவர்களின் மறுமொழி.

மூன்றாவது கிளேஸ் பள்ளி. கண்ணாடி போன்ற மெல்லிய பூச்சுகளை அடுக்கடுக்காக ஏற்றி, படி தெரியாமல் கரைப்பார்கள். இவர்களிடம் பட்டாளம் இராது. ஒரே ஒரு சிப்பாய் இருப்பான்.

சிவப்பில் வெள்ளையைக் கலந்தால் ரோஜா நிறமாகிப் படையின் மானம் போகும், ஆகவே ஆரஞ்சே சேர்க்க வேண்டும் என்பதில் மட்டும் மூவரும் ஒத்துப்போகிறார்கள்.

முரண்பாடு

இந்த மூன்று பள்ளியினரும் வரலாற்று உண்மைக்கு உயிரையும் கொடுப்பவர்கள். பிரிட்டிஷ் சிப்பாயின் சட்டை மஞ்சிட்டிச் சாயம், அதிகாரியின் சட்டை கொச்சினீல் சாயம். ஆகவே இரண்டு சிவப்பும் வேறு. 33-ஆம் படைக்குக் கழுத்துப்பட்டை சிவப்பு, 95-ஆம் படைக்குப் பச்சைச் சட்டையில் கறுப்பு. இதில் பிழை கண்டால் நட்பே முறியும். ஆனால் சிப்பாயின் தொப்பி உச்சியிலும் தோள்களிலும் இவர்கள் தீட்டும் வெயிலை ஆராய்ந்தால், அது நேர் மேலிருந்து விழுகிறது.

வாட்டர்லூ வட அகலாங்கு ஏறத்தாழ 50.7 பாகையில் உள்ளது. ஜூன் மாத நண்பகலிலும் அங்கே சூரியன் 63 பாகைக்கு மேல் ஏறாது. உச்சி வெயில் அவ்வூருக்கு வானியலால் மறுக்கப்பட்ட ஒன்று. போதாக்குறைக்கு முதல் நாள் இரவெல்லாம் மழை. போர் தொடங்கிய பின் வெடிமருந்துப் புகை.

மறுப்பும் விடையும்

மேகமூட்டத்தில் வானம் முழுவதுமே விளக்கல்லவா, மேலிருந்துதானே ஒளி வரும் எனலாம். வரும், ஆனால் அந்த ஒளி மங்கலாகப் பரவுமே தவிர மூக்கு நுனியில் வெள்ளைப் புள்ளி வைக்காது.

உண்மைக் காரணம் வேறு. சூரியனை இடப்பக்கம் வைத்துத் தீட்டினால், சிப்பாயைத் திருப்பும்போதெல்லாம் சூரியனும் திரும்பும். பின்வாங்கும் படைக்குக் கிழக்கு மேற்காகிவிடும். எப்படித் திருப்பினாலும் மாறாத இடம் வானில் உச்சி ஒன்றுதான். பிரெஞ்சுக்காரனுக்கும் பிரிட்டிஷ்காரனுக்கும் அது நடுநிலையானதும்கூட.

முடிவு

அப்படியானால் இந்த வெயில் எவ்வூருடையது? கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடையில்தான் சூரியன் உச்சந்தலைக்கு வரும். 1799 மே 4 அன்று, பிற்பகல் ஒரு மணியளவில் மைசூர் நாட்டின் ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை பிரிட்டிஷ் படையால் தாக்கப்பட்டது. அந்நாளில் அங்கே நண்பகல் சூரியன் உச்சிக்கு நான்கு பாகை அளவே தள்ளியிருக்கும். கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லி பதுங்குகுழிகளில் துணைப்படையோடு காத்திருந்தார். பதினாறு ஆண்டுகள் கழித்து, வெலிங்டன் பிரபுவாக அவர் வாட்டர்லூவுக்கு வந்தபோது அந்த மைசூர் வெயிலையும் படையோடு கூட்டி வந்தார் என இவ்வாய்வு நிறுவுகிறது.

மறுக்க விரும்புவோர், தம் சிப்பாயின் காலடிப் புல்லில் வாட்டர்லூ நண்பகலுக்குரிய 14 மி.மீ. நிழலை வடக்கு நோக்கித் தீட்டிக்கொண்டு வரலாம். அதன் பின் அந்தச் சிப்பாய் எக்காரணம் கொண்டும் திசை திரும்பக் கூடாது.