இரண்டு ரசீதுப் புத்தகங்கள்

கோவை மில்களில் சங்கு ஊதி ஷிப்ட் மாறிய காலத்தில், ஜோல்னாப் பையும் தாடியுமாக கேட்டுக்கு வெளியே காத்து நின்றவர்களில் நீங்களும் ஒருவர் என்றால் அந்த இரண்டு ரசீதுப் புத்தகங்கள் நினைவிருக்கும்: ஒன்று சங்கச் சந்தாவுக்கு, இன்னொன்று அரசியல் நிதிக்கு. 1926ஆம் வருடத் தொழிற்சங்கச் சட்டம் அரசியல் செலவுக்குத் தனி நிதி வைத்துக்கொள்ளலாம், ஆனால் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. முதல் புத்தகம் சம்பள நாளன்றே தீர்ந்துவிடும். இரண்டாவதன் கார்பன் தாள் கசங்கியதே இல்லை.

“இந்தச் சந்தாவுக்கு போனஸ் வருமுங்க தோழர். அதுக்கு என்ன வரும்?” என்றார் ஒருவர்.

“புரட்சி.”

“எந்த மாசமுங்க?”

தொழிலாளி தானாக எட்டுவது தொழிற்சங்க உணர்வு வரைதான், சோசலிசத்தை வெளியிலிருந்துதான் கொண்டுபோக வேண்டும் என்று லெனின் 1902இல் எழுதியதைப் படித்துவிட்டு, அந்தச் சுமைகூலி வேலைக்கு என்னை நானே நியமித்துக்கொண்டிருந்தேன். போனஸ் 8.33 சதவீதமா இருபதா என்று கூட்டம் தவிக்கும்போது நான் உபரி மதிப்பை விளக்குவேன். அவர்கள் தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டியபடியே பொறுமையாகக் கேட்டு, முடிந்ததும் டீயும் வர்க்கியும் வாங்கித் தருவார்கள். என் உரைகளில் எனக்கு இன்னும் ருசிப்பது அந்த வர்க்கிதான். அரசியலே தெரியாதவர்கள் என்று நான் முடிவுகட்டிய அவர்கள்தான், 1946இல் தூக்கிலிடப்பட்ட தோழர்கள் நால்வருக்கு அஞ்சலி செலுத்த, ஜனவரி 8 வந்தால் ஒருநாள் கூலியை விட்டுவிட்டுச் சின்னியம்பாளையம் போனார்கள்.

இன்று மில் இருந்த இடத்தில் அடுக்குமாடி. அரசியலோ விடிந்ததும் குட்மார்னிங்கோடு வாட்ஸ்அப்பில் இலவசமாக வந்து இறங்குகிறது, ரசீது கிடையாது. சங்கம்தான் அப்படிச் சுலபமாக வருவதில்லை. அன்று ஏழு பேர் கையெழுத்திட்டால் அதைப் பதிய மனுக் கொடுக்கலாம். 2001இல் வந்த திருத்தம் தொழிலாளர்களில் பத்து சதவீதம் அல்லது நூறு பேர், எது குறைவோ அது வேண்டும் என்றாக்கியது. ஸ்ரீபெரும்புதூர் அருகே சாம்சங் ஆலையில் 2024இல் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. சங்கத்துக்கு அங்கீகாரம் என்பது அதன் முக்கியக் கோரிக்கை. சங்கத்தின் பெயரில் கம்பெனி பெயர் வரலாமா என்பதுகூடச் சண்டையாகி, நீதிமன்றம் வரை போய், 2025இல்தான் பதிவு கிடைத்தது. முதல் படி என்று நாங்கள் கால் வைக்காமலே தாண்டிப்போன இடம் அது.

பேரன் வயதுப் பையன் எவனாவது இப்போது வந்து, எட்டு மணி நேர வேலையும் போனஸும் கிடைக்குமா தாத்தா என்று கேட்டால், உபரி மதிப்பைப் பற்றி வாயே திறக்க மாட்டேன். வர்க்கி வாங்கித் தருவேன்.