அட்லாண்டிக் கடந்த பொம்மை

கேள்வி: ரேடியோவால் இயக்கும் மாதிரி விமானம் சிறுவர் விளையாட்டுதானே? பெரியவர்கள் ஏன் அதைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்?

பதில்: அமெரிக்கரான மேனார்ட் ஹில், கண்பார்வை பெரிதும் மங்கிச் செவிப்புலனும் குன்றிய 77ஆம் பிராயத்தில், பால்சா மரத்தால் தாம் சமைத்த, ஐந்து கிலோவுக்கும் குறைந்த விமானமொன்றை, 2003 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரையில் நின்று தம் கையாலேயே வீச, அது ஏறக்குறைய 39 மணி நேரம் அட்லாண்டிக்கின் மீது பறந்து அயர்லாந்துக் கரையில் இறங்கிற்று என்றால், அதைச் சிறுவர் விளையாட்டென்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அநுமனுக்கு ஒரே தாவல் போதுமாயிருந்தது. ஹில்லின் முந்தைய விமானங்களையோ கடல் விழுங்கிவிட்டது. நடுக்கடலில் வழிநடத்தியது தானியங்கிக் கருவி. ஏற்றியதும் இறக்கியதும் மனிதர்களின் கைகளே.

அந்தக் கைப்பழக்கம் இலேசில் வருவதன்று. விமானம் நம்மை நோக்கித் திரும்பியதும் இடம் வலமாகிவிடும்; அப்போது எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கமே கையிலுள்ள ரேடியோக் கருவியின் குச்சியைத் தள்ள வேண்டும். ஈர்ப்பு மையம் ஒரு விரற்கடை பின்னே நகர்ந்தாலும் விமானம் சொற்பேச்சுக் கேளாது. லித்தியம் பாட்டரியை முழுச் சார்ஜில் நெடுநாள் வைத்தால் உப்பிவிடும். உங்கள் பிள்ளை இப்படியொரு விமானம் கேட்டால் மறுக்காதீர்கள். ஆளில்லாத மைதானமாகப் பார்த்து, நீங்களும் கூடப் போங்கள்.