பரகாயப் பிரவேச விசாரம்

ஓர் உயிர் தன் உடலை நீத்துப் பிறிதோர் உடலிற் புகுந்து வினையாற்றுதல் கூடுமா என்னும் வினா நம் முன்னோர்க்குப் புதிதன்று. சாத்தனூரில் மூலன் என்னும் ஆயன் இறந்து கிடக்க, அவனைச் சூழ்ந்து நின்று கதறிய பசுக்களின் துயரம் பொறாத சிவயோகியார் ஒருவர் அவ்வுடலுட் புகுந்து திருமூலர் ஆயினார் என்று பெரியபுராணம் பேசுகிறது. ஆதிசங்கரர் அமருக மன்னனின் உடலிற் சில காலம் தங்கியிருந்தார் என்று சங்கர விஜய சம்பிரதாயம் கூறுகிறது. இவ்விரு பிரமாணங்களையும் கரைகண்ட பண்டிதர்கள்கூட, விண்டோஸ் என்னும் ஆவி மேக் என்னும் சரீரத்துட் புகுங்கால் நேரும் உபத்திரவங்களைக் குறித்து ஒரு வார்த்தையும் எழுதிவைத்தாரில்லை. அக்குறையை நிவர்த்தி செய்யும் பொருட்டே, கரிசல் பூமியாகிய அருப்புக்கோட்டையில் இருந்துகொண்டு இவ்விசாரம் எழுதப்படுகிறது.

வானம் பார்த்த இந்தச் சீமை இத்தகைய ஆராய்ச்சிக்கு ஏற்ற இடந்தானா என்று சிலர் ஐயுறலாம். ஏற்ற இடமே என்பது எம் துணிபு. ‘நான் யார்’ என்னும் வினா ஒன்றையே சாதனமாக உலகுக்கு அளித்த ரமண மகரிஷி, 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் அவதரித்த திருச்சுழி இங்கிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். அவ்வினாவை மேக்கின் உள்ளே குடியிருக்கும் விண்டோஸிடம் தொடுக்க இவ்வட்டாரத்தாரைக் காட்டிலும் உரிமையுடையார் எவர்? அன்றியும், பெருநகரங்களில் மேக் என்பது கடையில் வாங்கும் பொருள். நம் பக்கத்திலோ அது பெரும்பாலும் தானாக வந்து சேரும் பொருள். தறி நெய்தும், மல்லிகை பறித்தும், மிளகாய் வற்றல் காயவைத்தும் படிக்கவைத்த பிள்ளை, சென்னையிலோ பெங்களூரிலோ மென்பொருள் வேலையில் அமர்ந்து, புதிய மேக் ஒன்றை வாங்கியவுடன், பழையதைத் தீபாவளிக்கு ஊர் வரும்போது பையில் போட்டுக்கொண்டு வந்து, “அப்பா, இனிமே கடைக் கணக்க இதுலயே பாருங்க” என்று கையிற் கொடுத்துவிட்டு, பொங்கலுக்கு வருவதாகச் சொல்லிப் பேருந்து ஏறிவிடுகிறான். சங்கடங்கள் யாவும் அந்தப் பையிலிருந்தே புறப்படுகின்றன.

கடைக் கணக்கு என்றால் இங்கே டேலி. நூல் வியாபாரமாயினும் பருப்பு மண்டியாயினும் பேரேடு அதில்தான்; 2017 ஜூலை மாதம் ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்த பின்னர் அதன் பிடி இன்னும் இறுகியிருக்கிறது. அது கணினியில் நேராகக் குடியேற வேண்டுமானால் அங்கே விண்டோஸ் இருந்தாக வேண்டும். அச்சகத்தாரின் நிலை இதனினும் விசித்திரமானது. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, அம்மன் கோயில் பொங்கல் நோட்டீசு முதலானவற்றை இன்றளவும் பேஜ்மேக்கரில் கோப்போர் பலர். அந்தப் பேஜ்மேக்கரோ 1985-இல் ஆல்டஸ் நிறுவனத்தாரால் முதன்முதலாக மேக்குக்கென்றே இயற்றப்பட்டது. விண்டோஸ் பக்கம் அது எட்டிப் பார்த்தது 1987-இல்தான். 2001-இல் அடோபி வெளியிட்ட ஏழாம் பதிப்போடு அதன் வம்சம் அற்றுப்போக, மேக்கின் பிற்காலப் பதிப்புகள் பழைய நிரல்களுக்கு இடங்கொடா என்று கதவடைத்துவிட, பிறந்த வீட்டில் அதற்குத் திண்ணையும் இல்லாமற் போயிற்று. ஆகவே, மேக்கிற் பிறந்த மென்பொருளை மேக்கில் ஓட்டும் பொருட்டு, மேக்கினுள் விண்டோஸை ஆவாஹனம் செய்ய வேண்டிய காலம் வந்துள்ளது. நிலையாமை பாடிய சித்தர் எவருக்கும் இந்தத் திருஷ்டாந்தம் கிட்டாமற் போனது தமிழின் நட்டமே.

இனி, பிரவேச மார்க்கங்களின் வரலாறு. 1997-இல் கனெக்டிக்ஸ் என்னும் நிறுவனத்தார் வெளியிட்ட வர்ச்சுவல் பி.சி., பவர்பிசி சிப்பின்மேல் அமர்ந்துகொண்டு இன்டெல் சிப்பைப்போல் நடித்தது. நடிப்பிற் குறையில்லை, வேகம்தான் இல்லை. 2003-இல் மைக்ரோசாஃப்டே அதனை விலைக்கு வாங்கிற்று. 2006 ஜனவரியில் இன்டெல் சிப்புடன் மேக் வெளிவந்ததும், அதில் விண்டோஸ் எக்ஸ்பியை ஏற்றிக் காட்டுவோர்க்கு என்று ஆர்வலர்கள் திரட்டிய பரிசுத் தொகை 13 ஆயிரம் டாலரைக் கடந்தது. மார்ச்சில் அந்த அருஞ்செயல் நிகழ்ந்தது. ஏப்ரல் 5-ஆம் நாள் ஆப்பிள் நிறுவனமே பூட் கேம்ப் என்னும் உபாயத்தை இலவசமாக வெளியிட்டது. பாரலல்ஸ் அவ்வாண்டிலேயும், விஎம்வேர் ஃப்யூஷன் அடுத்த ஆண்டிலும் தோன்றின.

இவற்றைத் தரிசனங்களின் வழி நின்று நோக்கினால் விஷயம் தெளிவாகும். பூட் கேம்ப் சுத்த துவைதம்: மேக் வேறு, விண்டோஸ் வேறு, ஒருவர் எழுந்தருளியிருக்கும்போது மற்றவர் தரிசனம் தரார், அவரைக் காண இயந்திரத்தை அணைத்து மீண்டும் எழுப்ப வேண்டும். பாரலல்ஸும் ஃப்யூஷனும் விசிஷ்டாத்வைதம்: மேக் சரீரியாய் விளங்க, விண்டோஸ் அதற்கு அடங்கிய அங்கமாய் ஒரு சட்டத்துள் வாழும். வைன் எனப்படுவதும் அதன்வழி வந்த கிராஸ்ஓவரும் அத்வைதம்: அங்கே விண்டோஸ் என்று ஒன்று இல்லவே இல்லை, விண்டோஸிடம் கேட்பதாக எண்ணி நிரல் கேட்கும் கேள்விகளை இடைமறித்து, அடியில் உள்ள இயங்குதளத்துக்கு விளங்கும் கேள்விகளாக மாற்றித் தருவதோடு காரியம் முடிந்தது, நிரல் கண்ட விண்டோஸ் வெறும் மாயை. தத்துவத்தில் இம்மூன்றாவதே உயர்ந்தது என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும், மாதம் 20-ஆம் தேதிக்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய லௌகிகர்கள் அதை நம்பி இறங்குதல் உசிதமன்று.

மூலன் உடலில் வந்த யோகியாரைக் கண்டு பசுக்கள் மகிழ்ந்து மேய்ந்தன. மூலனின் மனைவிக்கோ, வந்தவர் தன் கணவரல்லர் என்பது விளங்க நெடுநேரம் ஆகவில்லை. நம் ஆராய்ச்சியில் பசு என்பது கண். மனைவி என்பது விரல். திரையில் தோன்றும் டேலியைக் கண் ஐயமின்றி ஏற்றுக்கொள்ளும். விரல் ஏற்காது. எம் தெருவில் நூற்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், எஃப் 8 என்றால் விற்பனை, எஃப் 9 என்றால் கொள்முதல், எஃப் 7 என்றால் ஜர்னல் என்று விரலிலேயே எழுதிவைத்துக்கொண்டவர்; விசைப்பலகையைப் பார்த்து அவர் அடித்ததை எவரும் கண்டதில்லை. மேக்கிலோ, மேல்வரிசை விசைகள் இயல்பு நிலையில் வெளிச்சத்துக்கும் ஒலிக்கும் பாட்டுக்கும் நேர்ந்துவிடப்பட்டவை. எஃப்என் என்னும் மூலை விசையையும் உடன் அழுத்தினாலன்றி எஃப் 8 எஃப் 8 ஆகாது. அண்ணாச்சி வழக்கம்போல் எஃப் 8-ஐத் தட்டினார். மகன் சேமித்து வைத்திருந்த இளையராஜா பாட்டு ஒன்று கடை முழுதும் ஒலித்தது.

“என்ன அண்ணாச்சி, பில்லு கேட்டா பாட்டுப் போடுறீக?” என்றார் நூல் வாங்க வந்தவர்.

“பாட்டு எங்கப்பா போட்டேன்? விற்பனைதான் போட்டேன்” என்று சொல்லிக்கொண்டே அவர் எஃப் 9-ஐத் தட்ட, அடுத்த பாட்டு தொடங்கிற்று.

பென்டிரைவைச் செருகும்போது எழும் சிக்கல் இதனினும் சூட்சுமமானது. செருகிய மாத்திரத்தில், இது மேக்குக்கு உரியதா, விண்டோஸுக்கு உரியதா என்று ஒரு சிறு கட்டம் தோன்றி வினவும். ஆடிட்டர் கொடுத்த பென்டிரைவ் ஆடிட்டருக்கு உரியது என்பதே நேர்மையான விடை. அவ்விடைக்கு அங்கே இடமில்லை. விண்டோஸுக்கு என்றால் மேக்கின் பார்வையிலிருந்து அது மறைந்துபோகும். மேக்குக்கு என்றால் விண்டோஸ் அதை நேராக அறியாது. ‘நான் யார்’ என்ற வினாவுக்கு மட்டும் இந்த விண்டோஸ் தடுமாறுவதில்லை: புதிய மேக்கில் அதன் சிஸ்டம் பக்கத்தைத் திறந்து பார்த்தால், செயலி என்ற இடத்தில் ஆப்பிள் சிலிக்கான் என்று கூசாமற் சொல்லிவிடுகிறது. தன்னை அறிந்தும் துன்பம் தீராத ஜீவன் உலகில் இஃதொன்றே.

அந்த ஆப்பிள் சிலிக்கானே இன்றைய துன்பங்களின் மூலகாரணம். 2020 நவம்பரில், இன்டெல்லை விடுத்து ஆர்ம் வகையில் அமைந்த எம்1 சிப் வந்தது. அவ்வகை மேக்குகளில் பூட் கேம்ப் இல்லை. தாம் வைத்த இடத்திற் பழைய உடலைத் தேடிய திருமூலருக்கு அது அகப்படவில்லை அன்றோ? அந்நிலைதான் இது. இப்போது புகக்கூடியது ஆர்ம் சிப்புக்கென்று அமைந்த விண்டோஸ் மட்டுமே. 2023 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் அதனைப் பாரலல்ஸ் வழி இயக்குவதற்கு அங்கீகாரமும் வழங்கியது. இன்டெல்லுக்கென்று எழுதிய பழைய நிரல்களை அது மொழிபெயர்த்து ஓட்டிக்கொள்ளும். ஆனால் இயங்குதளத்தின் கருவறை வரை செல்லும் டிரைவர்களை அது மொழிபெயர்ப்பதில்லை. அவை ஆர்முக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆகவே டேலி திறக்கும், பில்லும் தயாராகும். பில்லை அடிக்க வேண்டிய பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும், ரிட்டர்னில் ஒப்பமிட வேண்டிய டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும், தமக்கேற்ற டிரைவர் இல்லாவிடின் அசையாமற் கிடக்கும். இவ்வளவுக்கும் மேக்குக்கு ஒரு விலை, விண்டோஸ் உரிமத்துக்கு ஒரு விலை, இரண்டையும் சேர்த்துவைக்கும் தரகனுக்கு ஒரு விலை என மூன்று வரி. விண்டோஸ் 11 தனக்கு 4 ஜி.பி. நினைவகமாவது வேண்டுமென்கிறது, 8 ஜி.பி. மேக்கில் பாதியைப் பங்கு பிரித்துக் கொடுத்தால் இருவரும் அரைவயிறு.

இங்கே பூர்வபட்சம் ஒன்று எழும்: மேக்கே தமிழ் அறியும், முத்து நெடுமாறன் ஆக்கிய எழுத்துருக்கள் அதனுள் உறைகின்றன, பின் விண்டோஸ் எதற்கு என்பர். உண்மையே. ஆனால் அச்சகத்துக்கு வரும் பழைய பத்திரிகைக் கோப்பு பாமினி எழுத்துருவில் இருக்கும்; அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் தமிழ் என்னும் சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். மாப்பிள்ளை வீட்டாரிடம் அதைக் காட்ட இயலாது.

ஆகலின் வாசகர்களுக்கு எம் விண்ணப்பம் இதுவே: பிள்ளை கொடுக்கும் மேக்கை மறுக்காது வாங்கிக்கொள்ளுங்கள், படம் பார்க்கவும் பேரக்குழந்தையோடு பேசவும் அது உத்தமமான கருவி. ஆனால் மேசைக்கடியில் இருக்கும் பழைய விண்டோஸ் பெட்டியைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அதிலுள்ள விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது என்பது மெய்யே. எனினும் எஃப் 8 அதில் இன்றும் விற்பனைதான்.