கொம்புள்ள கேள்விகள்

பேய்ப் படத்தில் 666 வந்தாலே நடுங்குகிறேன். அது சாத்தானின் எண்தானே?
— வாசகர், காங்கேயம்

பைபிளின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷம் (13:18) அதை மனிதனுக்குரிய எண் என்கிறது. எந்த மனிதன்? ‘நீரோ சீசர்’ என்பதன் கிரேக்க வடிவத்தை எபிரேய எழுத்தில் எழுதி, எழுத்துகளின் எண்மதிப்பைக் கூட்டிப் பாருங்கள், 666 வரும். கிறிஸ்தவர்களை வதைத்த ரோமப் பேரரசன். சில பழைய பிரதிகளில் எண் 616! அடக்குமுறைக்கு ஆளானவர்கள் ரகசியமாக எழுதிய கணக்கைப் பேய்க் கணக்காக்கிவிட்டது சினிமா. எனக்கு அதுதான் வருத்தம்.

‘தி ஓமன்’ (1976) படத்தின் அந்திக்கிறிஸ்து அந்நூலில் எந்த அதிகாரத்தில் வருகிறான்?

எதிலும் இல்லை. அந்தச் சொல் யோவானின் நிருபங்களில் மட்டுமே உண்டு. வெளிப்படுத்தின விசேஷத்தில் வருவது ஏழு தலை, பத்துக் கொம்பு மிருகம். காங்கேயம் காளையைப் பிடித்த கைக்குக் கூடுதலாக எட்டுக் கொம்புதானே!

நம்மூரில் ‘ஓமன்’ போல ஒரு சகுனப் படம் எடுத்தால்?

உங்கள் காங்கேயம் பக்கத்துச் சிவன்மலை முருகன் கோயிலில் எடுங்கள். பக்தர் கனவில் வந்த பொருளை, முருகனிடம் பூக்கேட்டு, கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். அடுத்த உத்தரவு வரும்வரை இருக்கும். ஹாலிவுட் சகுனத்துக்கு நாய் உறும வேண்டும். இங்கே ஒரு செம்புத் தண்ணீர் வைத்தாலே ஊரே கூடி அர்த்தம் பேசும்.