மூணு அடி மிச்சம் இருந்தா என்ன செய்யணும்?

ஏல மருமவனே, இப்படித் திண்ணையில உக்காரு. கோல்ஃப் பழகுதியாம்ல, உங்க அத்தை சொன்னா. நல்ல காரியம். வெள்ளைச் சட்டை, ஒத்தைக் கைக்கு மட்டும் உறை, தலையில தொப்பி. பந்து எங்க போனா என்ன, ஆளு பாக்க லட்சணமா இருக்க. ஆனா ஒண்ணு சொல்லுதேன் கேளு. சின்ன மைதானத்துல தோத்தா ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான். தோக்கதுன்னு முடிவு பண்ணிட்டா கார்னூஸ்டிக்குப் போயித் தோக்கணும்.

ஸ்காட்லாந்துல, கிழக்குக் கடக்கரையில இருக்கு அந்த ஊரு. கடலுக்கும் வெவசாய நெலத்துக்கும் நடுவுல மணக்காடாக் கெடக்குற தரிசைத்தான் அங்க லிங்க்ஸுங்கான். வடகடல் காத்து நேரா மூஞ்சியில வந்து அறையும். பந்து விழுந்த எடத்துல நிக்காது, மேட்டுல பட்டு அதுவா ஒரு தெசையில உருளும். உருண்டு போயி பங்கர்ல எறங்கும். பங்கர்னா நம்ம இடுப்பு, நெஞ்சு ஒசரத்துக்குப் புல்லுக்கட்டியை அடுக்கி வச்ச மணக்குழி. உள்ள விழுந்தா பல நேரம் முன்னால அடிக்க வழி இருக்காது. வந்த பக்கமே திருப்பி அடிச்சுட்டு மானத்தோட வெளிய வரணும்.

இது பத்தாதுன்னு பாரி பர்ன்னு ஒரு ஓடை வேற. கடைசி ரெண்டு குழியையும் அது கருவாட்டுக் கூடையைச் சுத்துற பூனை கணக்கா வளைஞ்சு வளைஞ்சு வரும்.

ஓபன் சாம்பியன்ஷிப் அங்க 1931-ல இருந்து 2018 வரைக்கும் எட்டு தடவை நடந்திருக்கு. நீ பாடம் படிக்க வேண்டியது 1999. அந்த வருசம் புல்லு முழங்காலுக்கு வளந்து கெடந்துச்சு. வெட்டுத ஆளுக்குக் கூலி குடுக்கலியோ என்னவோ. ஸ்பெயின் நாட்டுப் பையன் செர்ஜியோ கார்சியா, பத்தொம்பது வயசு, மொத நாளே 89 அடி அடிச்சுட்டு அம்மா தோள்ல சாஞ்சு அழுதான். ஆஸ்திரேலியாக்காரன் ராட் பாம்ப்ளிங் மொத நாள் ராசா, 71. மறுநாள் 86. அன்னைக்கே மூட்டையைக் கட்டியாச்சு.

இதுக்கெல்லாம் தப்பிச்சு ஒருத்தன் கடைசிக் குழி வரைக்கும் முன்னால வந்தான். ஜான் வான் டி வெல்டு, பிரெஞ்சுக்காரன். கையில மூணு அடி மிச்சம். அந்தக் குழிக்குக் கணக்கு நாலு அடி. ஆறு அடிச்சாலும் கோப்பை அவனுக்குத்தான். ஒன்னைய மாதிரி வெவரமில்லாதவனா இருந்தா என்ன செய்வான்? சின்னக் குச்சியா எடுத்து, ஓடைக்கு இந்தப் பக்கமே தட்டித் தட்டி, வீடு போயிச் சேருவான். வான் டி வெல்டு ஆம்பளை. டிரைவரை எடுத்தான். பையில உள்ளதுலயே அதுதான் நீளம். தூரமாப் போவும், எங்க போவும்னு மட்டும் கேக்கப்படாது. பந்து வலப்பக்கம் வெலகி, பதினேழாவது குழிக்காரங்க எடத்துல விழுந்துச்சு. நல்லவேளை, தண்ணியில விழல.

அப்பயாவது பதுங்குனானா? ரெண்டாம் நம்பர் இரும்பை எடுத்து ஓங்கி விட்டான். பந்து வேடிக்கை பாக்கவன் உக்காந்திருக்க மேடைக் கம்பியில பட்டு, ஓடையோட கல்லுச் சுவத்துல பட்டு, பின்னால எகிறிப் புல்லுக்காட்டுல போயி ஒளிஞ்சிக்கிடுச்சு. மூணாவது அடி, நேரா ஓடைக்குள்ள.

இனிமேத்தான் காட்சி. மனுசன் சோட்டைக் கழத்துதான், காலுறையை உருவுதான், கால்சட்டையைச் சுருட்டுதான், நாத்து நடப் போறவன் கெட்டான். எறங்கி இடுப்புல கையை வச்சு நிக்கான். ஒலகமே டிவியில பாக்கு. தண்ணிக்குள்ள கெடக்குற பந்தை அப்படியே அடிச்சிரலாமான்னு ரோசனை. அப்புறம் புத்தி வந்து, ஒரு அடி தெண்டம் கட்டிப் பந்தை வெளிய போட்டான். அஞ்சாவது பங்கர்ல. கூட ஆடுன கிரேக் பேரியும் அதே பங்கர்லதான் கெடந்தான். அவன் என்னடான்னா மணலோட சேத்து ஒரே அடியில குழிக்குள்ள தள்ளிட்டான்! இவன் ஆறுல வெளிய வந்து, ஏழுல முடிச்சான்.

மூணு பேரு சமம். நாலு குழி சேத்து ஆடுனாவ. ஜெயிச்சது யாரு, சொல்லு? முழிக்க பாத்தியா. பால் லாரி, பக்கத்து அபர்டீன்காரன். தகுதிச் சுத்து ஆடித்தான் உள்ளயே வந்தான். கடைசி நாள் காலையில பத்து அடி பின்னால இருந்தான், 67 அடிச்சான், சேத்து ஆடுனப்ப கடைசி ரெண்டு குழியையும் கணக்குக்கு ஒண்ணு கொறச்சே முடிச்சான். நெசமாப் பாத்தா அன்னைக்கு வெளையாடுனவன் அவன் ஒருத்தன்தான். ஆனா பேரு? ஓடையில நின்னவனுக்கு. அதான் ஒன்னைய எறங்கச் சொல்லுதேன்.

யாரைப் பாத்தும் கெட்டுப் போயிராத. பென் ஹோகன்னு ஒரு அமெரிக்காக்காரரு, 1953-ல ரெண்டு வாரம் முன்னாடியே வந்து அந்த மண்ணைப் படிச்சாரு. 73, 71, 70, 68. சுத்துக்குச் சுத்து எறங்குமுகம். கோப்பையை வாங்கிட்டுப் போனவரு பிறகு ஓபன் பக்கமே எட்டிப் பாக்கல. என்ன ருசி இருக்கு அதுல?

2007-ல ஹாரிங்டன், அயர்லாந்துக்காரன். அதே கடைசிக் குழியில ரெண்டு பந்தை ஓடைக்குக் குடுத்தான், ஆறுல முடிச்சான். அழுத அந்த கார்சியாவுக்கு ஜெயிக்க ஒரே ஒரு உருட்டு பாக்கி; பந்து குழி வெளிம்பைத் தொட்டுட்டு வெளிய வந்துட்டு. மறுபடி சேத்து ஆடி, திரும்ப அதே குழிக்கு வரும்போது ஹாரிங்டன் கையில ரெண்டு அடி மிச்சம். என்ன செஞ்சான் தெரியுமா? ஓடைக்கு முன்னாலயே பந்தை நிப்பாட்டி, அஞ்சு அடி அடிச்சு, ஒரு அடி வித்தியாசத்துல கோப்பையைத் தூக்கிட்டுப் போயிட்டான். கோழைப் பய.

வான் டி வெல்டு தோத்துச் சில மாசம் கழிச்சு விளம்பரத்துக்காக அதே குழிக்குத் திரும்ப வந்தான். பந்தை உருட்டுத குச்சி இருக்குல்ல, அது ஒண்ணை மட்டும் வச்சு மொதல்ல இருந்து ஆடுனான். மூணாவது தடவை ஆறுல முடிச்சுட்டான். பைக்குள்ள பதினாலு குச்சி வரைக்கும் வச்சுக்கலாம்னு சட்டம். நீ அந்த உருட்டுக் குச்சியை எடுத்துட்டு, மிச்சம் பதிமூணையும் இங்க வச்சுட்டுப் போ. அவரைக்கொடிக்குப் பந்தல் போடக் கம்பு தேடிக்கிட்டிருக்கா உங்க அத்தை.