தலைகீழ் மலை

கேள்வி: மலையேற்றம், பாலைவன நடை இரண்டையும் ஒரே இடத்தில் அனுபவிக்க முடியுமா?

பதில்: அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனுக்குப் போங்கள். அங்கே மலை தலைகீழ்: முதலில் இறக்கம், பிறகுதான் ஏற்றம். தெற்கு விளிம்பிலிருந்து கொலராடோ ஆறு வரை 1,300 மீட்டருக்கு மேல் புதுமாப்பிள்ளை மாதிரி துள்ளிக்கொண்டு இறங்கிவிடலாம். திரும்பும்போதுதான் வண்டவாளம் தெரியும். கோடையில் அடிவாரத்தில் நிழலிலேயே 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஒரே நாளில் ஆற்றைத் தொட்டுவிட்டு மேலேறப் பார்க்காதீர்கள் என்று பூங்காக்காரர்கள் பலகை வைத்தே எச்சரிக்கிறார்கள். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தாலும் ரத்தத்தில் உப்பு குறைந்து ஆளைச் சாய்த்துவிடும் (பலருக்கு இது தெரியாது). ஆகவே பையில் முறுக்கும் இருக்கட்டும். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னவர்கள் விளிம்பிலேயே நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம்.